கொடிக்குக் கீழே ஒரு வாசல்

பாங்காக்
15 ஜனவரி 1995

மா யின் மோனுக்கு,

நலம். மேமியோவில் உன் அம்மா வீட்டில் நீயும் நலமாகவே இருப்பாய். அங்கே குளிருக்கும் குறைவில்லை, உன் அண்ணனின் அறிவுரைக்கும் குறைவில்லை.

"முதலில் குடியிருக்க ஓர் இடம் பாருங்கள், வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வரைபட நிறுவனத்தில் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. இரவில் நம் ஊர்ப் பையன்கள் ஐந்து பேரின் குறட்டைக்கு நடுவே படுத்துக் கிடக்கிறேன். கல்லூரியில் இத்தனை வருஷம் புவியியல் நடத்தியவனுக்குக் கிடைத்த மரியாதை இது. மண்டலாயில் எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் டுன் ஷேன் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். குடிக்கட்டும்.

இதுவரை மூன்று இடம் பார்த்தேன். முதலாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே. வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பர்மாக்காரரா? மீன் விழுது போட்டுச் சமைப்பீங்களே! வீடு பூரா நாறுமே!"

"உங்க இறால் விழுது மட்டும் மல்லிகைப்பூ மாதிரி மணக்குதாக்கும்?"

சண்டை போடும் அளவுக்கு இந்த ஊர்ப் பேச்சு எனக்கு வந்துவிட்டது. வீடு பிடிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாவது இடத்தில் கட்டிலைச் சுவரோடு சேர்த்து அடித்து வைத்திருக்கிறார்கள். படுத்தால் கால் நீளும் பக்கம்தான் புத்தர் அலமாரி மாட்ட இருக்கும் ஒரே சுவர். "அப்போ தலையை மாத்தி வெச்சுப் படுங்க" என்றான் வீட்டுக்காரன். மாற்றினால் தலை வடக்கே போகிறது. பிணத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

மூன்றாவது நல்ல இடம். கால்வாய் ஓரம், சோம்ஜாய் என்ற விதவை அம்மாளின் கட்டிடம், மொட்டை மாடியில் தனி அறை. கிழக்குச் சுவர் காலி. ஜன்னலைத் திறந்தால் மாமரம். சமைக்கத் தனி மூலை. மீன் விழுதைப் பற்றி நானே கேட்டுவிட்டேன். "நான் பெத்ததுங்க எல்லாமே அதைத் தின்னுதான் வளந்துச்சு, தாராளமா சமைங்க" என்றாள். மாடி முழுக்கக் கட்டிடத்துப் பெண்கள் துணி காயப்போடும் கொடிகள். அறைக்கு வாசல் அவற்றைத் தாண்டித்தான். மொட்டை மாடி என்பதால் வெயில் தாங்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்பாய் என்பதால் மூன்று இடங்களுக்கும் வழி காட்டும் வரைபடம் பின்பக்கத்தில் போட்டிருக்கிறேன். கையால் போட்டதுதான், ஆனால் அளவு பிசகாது.

சோ மியட்

---

மேமியோ
9 பிப்ரவரி 1995

அன்புள்ள கோ சோ மியட்டுக்கு,

கடிதமும் வரைபடமும் வந்தன. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அண்ணன் உங்களை விசாரித்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

ஏப்ரலில் திஞ்ஜான் திருவிழாவுக்குள் தலைமையாசிரியைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் இங்கே இருந்தால் அந்த ஆசிரியை வேலை எனக்கு. இல்லையென்றால் வேறு ஒருத்திக்கு. பிறகு திரும்பி வந்தாலும் கிடைக்காது. ஆகவே, சேர்ந்து வாழ்வதா, இப்படியே இருந்துவிடுவதா என்பது நீங்கள் பிடிக்கும் வீட்டில் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது இடத்துக்கு என்ன குறை? பிறந்ததிலிருந்து மண்டலாயில் வெந்தவர் நீங்கள். ஏப்ரல் மாதத்தில் குடைகூட எடுக்காமல் கல்லூரிக்கு நடப்பீர்கள். வெயில் எப்போதிலிருந்து உங்களுக்கு ஆகாமல் போயிற்று? கொடி கட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் வெயில் என்கிறீர்கள். நடுவில் எதையோ விழுங்கியிருக்கிறீர்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டாள்: "மாப்பிள்ளை வீடு தேடுறாரா, காரணம் தேடுறாரா?"

யின் மோன்

---

பாங்காக்
5 மார்ச் 1995

மா யின் மோனுக்கு,

உன் அம்மாவின் நகைச்சுவைக்கு என் நன்றியைச் சொல்.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். ஆமாம், கொடிதான். பெண்கள் இடுப்பில் கட்டிய தமெய்னுக்குக் கீழே தினமும் தலையைக் கொடுத்துப் போய்வர என்னால் முடியாது. அப்படிப் போனால் ஆணின் மகிமை போய்விடும் என்பதை நம்புகிறவன் அல்ல நான். பருவக்காற்று எப்படி உண்டாகிறது என்று பாடம் நடத்தியவன். ஆனால் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயரை அனுப்பிய வாரம், நம் வீட்டு வாசலில் நின்று, நீ கட்டிய கொடியைக் காட்டி டுன் ஷேன் என்ன சொன்னான்?

"ஏன்யா சோ மியட், பொண்டாட்டி தமெய்னுக்கு அடியிலேயே பூந்து பூந்து வந்தா, நீ மேலே எங்கய்யா போறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் பதவி அவனுக்குப் போயிற்று. அவன் சொன்னதைக்கூட நான் ஒரு நாள் மறக்கலாம். அன்று நீயும் சிரித்தாய். அதை எப்படி மறப்பது?

போகட்டும். நாலாவதாக ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். தரைத்தளம், சந்துக்குள். ஜன்னல் கிடையாது, ஆனால் கொசுவும் அதிகமில்லை. புத்தர் அலமாரிக்கு இடம் இருக்கிறது. துணியைக் குளியலறையிலேயே காயப்போட்டுக்கொள்ளலாம். மின்விசிறியைத் திருப்பி வைத்தால் காய்ந்துவிடும். பேசி முடித்துவிடவா? உடனே எழுது.

சோ மியட்

---

பாங்காக்
24 ஏப்ரல் 1995

அன்புள்ள கோ சோ மியட்டுக்கு,

உறையில் நம் நாட்டுத் தபால்தலை இல்லையே என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

சிரித்தது உண்மை. டுன் ஷேன் சொன்னதற்கு அல்ல. அவர் சொன்னதும் நீங்கள் சட்டென்று அண்ணாந்து பார்த்து உச்சந்தலையைத் தடவிக்கொண்டீர்களே, அதற்கு. படித்த மனிதர், குழந்தை மாதிரி. பதவி போன அன்று நீங்கள் கொடியை அறுத்து, என் துணிகளை அள்ளிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தீர்கள். மறுநாள் காலை நான் மேமியோ பஸ்ஸில் ஏறினேன். என் சிரிப்பு உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கோழிக்கூடு எந்தக் கடிதத்திலும் இல்லை.

தலைமையாசிரியையிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குளியலறையில் துணி காயப்போடவும் நான் வரமாட்டேன். என் சின்னம்மா மகள் மா வா இங்கே தையல் வேலை செய்கிறாளே, அவளிடம் எனக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது இடத்தைத் தேடிப் போனேன். ஒரு சந்துகூடத் தப்பவில்லை. அதில் உங்களைக் குறை சொல்ல முடியாது. அறையை எடுத்துவிட்டேன்.

சோம்ஜாய் அத்தை சொன்னதை மா வா நம் பேச்சில் சொன்னாள்: "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரும்மா. அறையைப் பாத்து நல்லாயிருக்குன்னாரு. அப்புறம் வாசல்ல நின்னு மேலேயே பாத்துக்கிட்டிருந்தாரு. மழை வருதான்னு பாத்தாரோ என்னவோ, வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு."

"அவர்தான் என் வீட்டுக்காரர்" என்றேன்.

"ஐயோ பாவம்" என்றாள். உங்களையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

என் துணி வெளியில், வெயிலில்தான் காயும். உங்களை வாருங்கள் என்று அழைக்கவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. இன்னொரு சாவி சோம்ஜாய் அத்தையிடம் இருக்கிறது.

யின் மோன்

---

சோம்ஜாய் வீட்டு மாடி
30 ஏப்ரல் 1995, ஞாயிறு

மா யின் மோனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. மேசைமேல் வைக்கிறேன்.

நீ சந்தைக்குப் போயிருக்கிறாய் என்றார்கள். உன் சோம்ஜாய் அத்தை என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "இன்னிக்கு மழை வராது சார், தைரியமா மேலே போங்க" என்றாள். நீ இந்த ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று, அதற்குள் என்னைக் கேலி செய்ய ஓர் ஆள் பிடித்துவிட்டாய்.

வாசலுக்கு நேரே கொடியில் உன்னுடைய தமெய்ன் இரண்டு தொங்கின. சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பச்சை காய்ந்திருந்தது. சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்து போடுகிற வழக்கம் உனக்கு எப்போதும் கிடையாது. என் வலது தோள் நனைந்துவிட்டது.

புத்தர் அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அட்டை வைத்துச் சரிசெய்தேன். மீன் விழுது ஜாடிக்கு மூடி பொருந்தவில்லை, வேறு வாங்கு. அறையில் வெயில் இருக்கத்தான் செய்கிறது. நான் சொன்னது முழுப் பொய் அல்ல. டுன் ஷேனைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

கொடி நடுவில் தொய்ந்து கிடந்தது. அவிழ்த்து இழுத்துக் கட்டியிருக்கிறேன், அதே ஆணியில்தான். பச்சையை எடுத்து மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். சிவப்பு காயட்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டி எடுத்துவரத்தான் போகிறேன்.

சோ மியட்