துள்ளி விழுந்த ஊசி

செவ்வாய், இரவு.

பழைய கம்ப்யூட்டர் ஃபேனில் இரண்டு காந்தம் ஒட்டி, சாயம் கலக்கும் மெசின் ஒன்று செய்து இன்று சாயப்பட்டறை லேபுக்குக் கொண்டுபோனேன். மேலே பீக்கர், அதற்குள், ஸ்ட்ராவில் வைத்து அடைத்த நிட்டிங் மெசினின் இரும்பு ஊசித் துண்டு. ஃபேனோடு அதுவும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஓரமாகத் துள்ளி விழுந்து நடுங்கியது.

டையிங் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "கை இருக்கைல மெசின் எதுக்கு கண்ணு? கண்ணாடிக் கம்பியிலயே கலக்குங்க."

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். துணியின் நல்ல பக்கத்தை மேலே வைத்தே பழகிய கை, இரண்டு காந்தத்தையும் ஒரே முகம் மேலே வர ஒட்டியிருக்கிறது. ஒன்றில் வடக்கு, மற்றதில் தெற்கு மேலே வர வேண்டும். ஒன்றைப் பெயர்த்துத் திருப்பி ஒட்டினேன். மஞ்சள் தண்ணீரில் ஊசி நடுவிலேயே நின்று சுற்றியது.

நாளைக்கும் கொண்டுபோவேன். சிரிக்கட்டும். கை இருக்குதுங்க மாஸ்டர், அதனாலதான் செஞ்சேன்.