திரும்பி நின்ற பிள்ளைகள்

பிளாக் 21, நெய்வேலி
சனிக்கிழமை காலை

அன்புள்ள அருள்மொழிக்கு,

இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். நீ பேசக் கிடைக்கும் நேரத்தில் நான் சுரங்கத்தில் இருக்கிறேன். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நம் நிறைமதிக்கு அம்மை இறங்கிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடமும் போய்விட்டாள்.

என் அக்கா உன்னிடம் போனில் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியும். "கொழந்த அம்மை போட்டுப் படுத்துகினு இருக்குது, நீ அங்க என்னாத்த ஆராய்ச்சி பண்ற" என்றாராம். கம்மாபுரத்திலிருந்து ஓடிவந்து வேப்பிலையும் கையுமாகப் பார்த்துக்கொண்டவர். பயத்தில் வந்த வார்த்தை. அதற்காக ஊருக்கு வர டிக்கெட் போடுகிறேன் என்கிறாய். ஒவ்வொரு முறையும் விரிசல் விட்ட உன் படிகம் இப்போதுதான் உருப்படியாக வந்திருக்கிறது என்றும் நீதான் சொன்னாய்.

நேற்று பள்ளியில் அறிவியல் விழா. நானும் அக்காவும் போனோம். நம் பெண் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு மூலக்கூறாக வரிசையில் நிறுத்தி, "இதுதான் எங்கம்மா செய்யற பிளாஸ்டிக் படிகம். பேருதான் பிளாஸ்டிக், இதுல வாளி செய்ய முடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சூடு என்றாள், பிள்ளைகள் வரிசை கலையாமல், நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். குளிர் என்றதும் மேடையைப் பார்த்து நின்றார்கள். மின்சாரம் என்றதும் மொத்தமாக எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். இப்படி ஒழுங்காக நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒளியை உள்ளே விட்டால் பச்சையாக வெளியே வரும், சுற்றும்போது வராது என்று சொல்லிப் பச்சைத் தாளை ஆட்டினாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆசிரியை கேட்டார். "அம்மாதான். அம்மை போட்டிருந்தப்ப தெனமும் போன்ல கதையா சொன்னாங்க. அப்ப அரிப்பே தெரியாது" என்றாள்.

நீ தினமும் கதை சொன்னது அக்காவுக்கு அதுவரை தெரியாது. ஸ்கூட்டரில் வீடு வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கியதும், "முடிச்சிகினே வரட்டும்னு எழுதுடா. நான் இங்கதான் இருக்கப்போறேன்" என்றார். உன்னிடம் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. நீயே கூப்பிட்டுப் பேசு.

டிக்கெட் போடாதே. படிகம் மறுபடி மறுபடி திரும்புகிறதா என்று பார்த்து, வேலையை முடித்துவிட்டு வா. போலந்தில் பனி அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொள். சோற்றை ஒத்திப்போடாதே.

ஞாயிறன்று நிறைமதியிடம் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே, அருள். கொஞ்ச நேரம் அப்படியே இரு. நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன்,
இளவழகன்