அறை வாசலில் சிக்கிய பீரோ

மச்சான்,

வெள்ளைப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். உங்கள் அத்தர் வாசம் முகத்தில் வந்து அடித்தது. மூடினால் அதுவும் போய்விடுமோ என்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போனபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தாவில் இருப்பவளுக்கு வேறு என்ன வேலை? கீழே கிடங்கில் சுக்கு மூட்டை இறங்குகிறது. மட்டாஞ்சேரி முழுக்க நடமாட, நான் மட்டும் இந்த மாடி அறையில்.

இந்தப் பீரோ வந்த நாளிலும் நான் இதே அறைக்குள்தான் மாட்டிக்கொண்டேன். அது வாசலில் சிக்கி வழியை அடைத்துவிட்டது. நான் உள்ளே, நீங்கள் வெளியே. மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறேன், இம்மியும் நகரவில்லை. எனக்கு வழி விடத்தான் நீங்கள் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தீர்கள். வெளியே வரத்தான் நான் அதை வெளியே தள்ளினேன். சத்தம் கேட்டுக் கிடங்கிலிருந்து ஏறி வந்த, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்தான் சொன்னார்: "ரெண்டாளும் எதிரும் புதிருமாத் தள்ளினா அலமாரி எங்கோட்டுப் போகும் டீச்சரே?"

சிரித்துவிட்டு நீங்கள் கையை எடுத்தீர்கள். "சரி, நீ தள்ளு." பீரோ நகர்ந்தது.

மறுநாள் ஜங்கார் படகில் அக்கரைக்குப் போய், வைப்பின் பள்ளிக்கூடத்தில் அதையே பாடமாக்கினேன். நகராமல் நிற்கும் பொருளின் மேல் விசையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினாலும் அது அப்படியேதான் நிற்கும் என்றேன். கேட்டதும் நீங்கள், "நம்ம குடும்ப மானத்தை ஜங்கார்ல ஏத்தி அக்கரைக்கும் கொண்டு போயிட்டியா?" என்றீர்கள்.

மகன் பிறந்தபோது வேலையை விடச் சொல்லாத ஆள் கிடையாது. "போறவளை நான் மறிக்க மாட்டேன், நீங்களும் மறிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்.

இப்போது மகன் கோயம்புத்தூரிலிருந்து இழுக்கிறான். இத்தா முடிந்த அன்றே வண்டியோடு வருவானாம், வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். உங்கள் தங்கை விடுவதாக இல்லை. "எங்க அண்ணன் இருந்த வீடு மதினி, இதை விட்டு எங்கயும் போகாதீங்க. வேலையும் வேண்டாம்." இருவருக்கும் என் மேல் உயிர். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது. வந்து பார்க்கிறவர்களோ, டீச்சர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்ன தைரியம் என்கிறார்கள்.

இன்று மதியம் மகன் மறுபடி கூப்பிட்டான்.

"வண்டி வேண்டாம்டா. இத்தா முடிஞ்சதும் நான் ஸ்கூலுக்கு ஜங்கார் ஏறணும்."

"அத்தா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாராம்மா?"

"உங்க அத்தா சம்மதம்னு ஒருநாளும் சொன்னதில்லை. மறிச்சதும் இல்லை."

அத்தோடு பேச்சை முடித்தேன். அறை வாசலில் உங்கள் தங்கை நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, இத்தா முடிந்ததும் வேலைக்கு வருகிறேன் என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் மச்சான், நீங்கள் போனதற்கு முதல் தடவையாக அழுதேன்.