ஐயா உட்கார்ந்த மோட்டார் சைக்கிள்

புதுக்கோட்டை
20-11-1955

அன்பு மகன் பங்கிராசுக்கு அப்பா ஞானமணி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோருக்கும் சுகம். பினாங்கில் உன் உடம்பையும் வேலையையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் கிடைத்தது. தங்கை அற்புதமேரிக்கு மைக்கேல்சாமி வீட்டுச் சம்பந்தத்தை யோசிக்காமல் முடித்துவிடுங்கள், அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்த மோட்டார் சைக்கிள் படம் ஒன்றே போதும், அப்படிப்பட்ட பரம்பரை லேசில் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். நீ லீவில் வந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போன படம் அது. நான் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்க ஆவூர்ப் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனோம். வாழைத்தாரும் தட்டுகளும் தூக்க, எங்கள் கம்பெனி ஷெட்டில் பஸ் கழுவுகிற ராக்கனைக் கூட்டிப் போயிருந்தேன். கல்லறைத் திருநாள் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, படத்தில் போட்ட மாலை இன்னும் காயவில்லை, கீழே மெழுகு உருகிக் கிடந்தது. கோட்டும் தொப்பியும் மூக்கு வரைக்கும் கண்ணாடியுமாக ஒரு ஆள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். மைக்கேல்சாமி மார்பை நிமிர்த்திக்கொண்டு, எங்க ஐயா பத்தொன்பதாம் வருஷம் துரைகிட்ட வாங்குன வண்டி, அப்ப சமஸ்தானத்துலயே இது ஒண்ணுதான் என்றார். இருபத்திரண்டு வருஷமாக இஞ்சின் கழற்றுகிறவனிடம் வந்து சொல்கிறார். அது பி.எஸ்.ஏ. வண்டி, போன யுத்தத்தில் பட்டாளத்துக்கென்று செய்து இறக்கியது. பின்னால் கித்தான் பை தொங்குகிறது. மட்கார்டு ஓரம் வெள்ளை அடித்திருக்கிறது. முன் லைட்டுக்கு மூடி போட்டு ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் இருட்டாக்கினார்களே, அந்தக் காலத்து வேலை அது. நாற்பதுக்கு முன்னால் எடுத்த படமாக இருக்கவே முடியாது. அவரைப் பெற்ற ஐயா முப்பத்திரண்டாம் வருஷமே செத்துப்போனார் என்று கல்லறைக் கல்லில் அன்று காலையில்தான் படித்துவிட்டு வந்திருந்தேன். லைட்டுக்கு எதற்கு மூடி என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். வெயில் படாம இருக்கத்தான், அந்தக் காலத்துச் சாமான்னா சும்மாவா என்றார். உன் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரோ பட்டாளத்தான், போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் கைப்பிடியைப் பிடித்திருக்கிற இடது கையைப் பார்த்தேன், சுண்டுவிரல் பாதியோடு நிற்கிறது. அப்படியே வாசல் பக்கம் திரும்பினேன். வேலிக்கு வெளியே ராக்கன் குந்தியிருக்கிறான், அந்த வீட்டு அம்மாள் எட்ட நின்று தண்ணீர் ஊற்றுகிறாள், அதே பாதி விரல் கையால் கொட்டாங்கச்சியில் ஏந்திக் குடிக்கிறான். பட்டாளத்தில் தபால் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன், அதில் உட்கார்ந்து ஒரு படம் பிடித்துக்கொண்டேன், வாங்குவதற்குள் பர்மா எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவன் ஷெட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஓட்டினாயோ கழுவினாயோ என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாளே ராக்கன் சொன்ன போட்டோக் கடைக்கு, சோலையப்பனிடம் போனேன். அவர் பழைய நோட்டைப் புரட்டி, 1943, ராக்கன், வாங்கவில்லை என்று எழுதியிருந்ததைக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் புது வீடு கட்டி, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பு வைத்தபோது மைக்கேல்சாமி வந்தாராம், கூடத்தில் மாட்ட ஐயா படம் ஒன்று வேண்டும், அவரை யாரும் படமே எடுக்கவில்லை, என்ன செய்யலாம் என்றாராம். யாரும் வாங்காத படங்கள் கிடந்த பெட்டியை இவர் எடுத்து வைக்க, அவரே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாராம். அது எப்படி ஐயாவாகும் என்று கேட்டேன். பாதி மொகத்தைக் கண்ணாடி மூடியிருக்கு, மீதிப் பாதி யாருக்கு வேணும்னாலும் ஐயாவா இருக்கலாம் என்று சிரித்தார்.

வீட்டில் சொன்னதும் உன் அம்மா அழுதாள். பெண்ணுக்கு இருபத்துமூன்று முடிகிறது, இதை விட்டால் வேறு இடம் எங்கே, யார் படமாக இருந்தால் நமக்கென்ன என்றாள். அற்புதமேரிதான் பதில் சொன்னாள்: "படத்துக்கு மெழுகுவத்தி, ஆளுக்குக் கொட்டாங்கச்சி. அந்த வீட்டுல நான் எந்தப் பக்கம் நிக்கிறதுப்பா?" ராக்கனைக் கூடத்துக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைக்கட்டும், அப்புறம் கோயிலில் கல்யாண ஓலை எழுதலாம் என்றாள். நானும் போய்ச் சொன்னேன். நோட்டுச் சமாச்சாரத்தைக் கேட்டதும் மைக்கேல்சாமிக்கு முகம் செத்துவிட்டது. படத்த எறக்கிர்றேன், வெளிய மட்டும் சொல்லிராதீங்க சம்பந்தி என்று கையைப் பிடித்தார். படம் இருக்கட்டும், ஆளைக் கூப்பிடுங்கள், ஒரு நாற்காலிதானே என்றேன். "அப்பறம் அந்த நாக்காலியில யாரு உக்கார்றது?" என்றார். மாப்பிள்ளை, பி.ஏ. படித்தவன், பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்துவிட்டேன். நீ மெச்சின பரம்பரை இதுதான். பொய்க்கு மாலை போடக் கூசாது, மனிதனுக்கு நாற்காலி போடத்தான் கூசும். அதைப் பார்த்து மயங்கிய உன் புத்தியையும் நான் சோலையப்பனின் அந்தப் பெட்டியில்தான் போட வேண்டும்.

சோலையப்பன் பழைய நெகட்டிவிலிருந்து புதிதாகப் போட்டுக் கொடுத்த படத்தை ராக்கனிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். படத்தில் வண்டியைத்தான் பார்த்தான். "செத்தவங்களுக்கு வைக்கிற மெழுகுவத்தியை எட்டு வருசமா எனக்கா வச்சாங்க? அதான் நமக்குச் சாவே வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடு மட்டும் என்ன வாழ்கிறது என்று உன் தங்கை கேட்டுவிட்டாள். கொட்டாங்கச்சி இல்லை, டம்ளர்தான், ஆனால் ராக்கனுக்கென்று கொல்லைப்புறத்து மாடத்தில் கவிழ்த்து வைத்த தனி டம்ளர். ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் நான். போன வாரம் அவள் அதை எடுத்துத் தேய்த்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அம்மா நாலு நாளாகக் காப்பி குடிக்கவில்லை.

சம்மதம் என்று எழுதிய உன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தங்கைக்கு உன் கையால் ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. பூசைக்குத் தவறாதே, மழையில் நனையாதே. தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும். கிறிஸ்மசுக்கு லீவு கிடைத்தால் வா, உனக்கும் அந்த டம்ளர்களில் ஒன்றில்தான் காப்பி.

உன் அப்பா
ஞானமணி