நட்டின் மேல் காய்ந்த பொட்டு

16 ஆகஸ்ட் 1998, ஞாயிறு

பிம்ப்ரியில் லேத் பட்டறை ஷெட்டைத் திறந்தோம். அண்ணன் பரமசிவம் இறந்ததிலிருந்து நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. லேத் பரவாயில்லை. அதன் மேல் பொருத்திச் சாணை பிடிக்கும் கிரைண்டிங் அட்டாச்மென்ட் மூலையில் சாக்குக்குள் கிடக்கிறது. ஒரு சின்ன மோட்டார், இரண்டு புல்லி, ஒரு பெல்ட். சாணைக்கல் இருந்த இடம் காலி. அந்தக் கல்தான் விஜயதசமிக் காலையில் சிதறி அண்ணனின் நெஞ்சில் பாய்ந்தது.

அண்ணி ஆனந்தவல்லி ஷெட்டைத் தானே நடத்தப் போகிறார். அட்டாச்மென்டைத் தொட இந்த ஷெட் லைனில் எந்த மெக்கானிக்கும் தயாரில்லை. "பனவ்தி ஹை" என்கிறார்கள். பீடை பிடித்ததாம்.

"நீங்க பாலிடெக்னிக் படிச்சவர்தானுங்களே தம்பி."

ஒரு வருடம் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு ஓடியவன் நான். "எழுதச் சொன்னா எழுதுவேன் அண்ணி."

"எழுதினா கல்லு சுத்தாதுங்க."

23 ஆகஸ்ட்

கையேடு இல்லை. இதைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. பெல்ட்டின் வலைமூடி வழியாகப் பார்த்தும் விசாரித்தும் புரிந்துகொண்டது: பெரிய கல் மெதுவாகச் சுழல வேண்டும், அதற்கு மோட்டாரில் சின்ன புல்லி. துளைக்குள் சாணை பிடிக்கும் சின்னக் கல்லுக்கு வேகம் வேண்டும், அதற்கு மோட்டாரில் பெரிய புல்லி. அன்று பெரிய கல்லுக்குப் பெரிய புல்லி மாட்டியிருந்தது. அந்த வேகம் தாங்காமல்தான் கல் சிதறியது.

ஜெபமணியைக் கேட்கலாமே என்றேன். அண்ணனிடம் வெகுகாலம் லேத் ஓட்டிய டர்னர். அன்று சுவிட்சைப் போட்டவர்.

"அந்தாள் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுங்க. புல்லியை மாத்தி மாட்டி எம்பட புருசனைக் கொன்ன ஆளு."

"நான் புல்லியில் கையே வைக்கவில்லை" என்று ஜெபமணி அப்போதே சொன்னார். யாரும் கேட்கவில்லை. பிம்ப்ரியில் ஒரு ஷெட்டிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது தேஹு ரோடு ஸ்டேஷன் அருகே சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறார்.

30 ஆகஸ்ட்

பேரிங் இறுகிவிட்டது. கழற்றாமலே கல் பக்கமாக மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். கல் மாட்டும் ஸ்பிண்டிலைக் கையால் திருப்பினால் கரகரக்கிறது. தனியாக இருக்கும்போது பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல — அண்ணன் அப்படித்தான் நிற்பார், பேசாமல். இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். இந்த வயசில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

6 செப்டம்பர்

போகவில்லை. பத்திரிகை ஆபீசில் வேலை என்று அண்ணியிடம் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை.

13 செப்டம்பர்

பெல்ட்டின் மேலிருந்த வலைமூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு புல்லியின் நட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். நட்டிலும் புல்லியிலும் சேர்ந்தாற்போல் ஒரே பொட்டாகப் படிந்து காய்ந்திருக்கிறது. விரிசல் கூட இல்லை. அதற்குப் பின் யாராவது நட்டைத் திருப்பியிருந்தால் பொட்டு உடைந்திருக்கும்.

விசாரணைக்கு வந்தவர்களும் வலை வழியாக இதைப் பார்த்திருப்பார்கள். எல்லா இயந்திரத்திலும்தான் பொட்டு இருந்தது. யார் கவனிப்பார்?

பொட்டு வைத்தது ஆயுத பூஜை மாலையில். ஜெபமணி சர்ச்சுக்குப் போகிறவர், பூஜைக்கு இருந்ததில்லை. மறுநாள் காலை வந்தார். பெயருக்குக் கொஞ்சம் ஓடவிடுவதுதானே வழக்கம் — அண்ணன் கற்பூரத்தோடு முன்னால் நின்று "போடு ஜெபமணி" என்றார். அவர் போட்டார்.

அப்படியானால் பூஜைக்குமுன்பே மாறியிருக்கிறது. பூஜைக்காகக் கழற்றித் துலக்கியபோது. திரும்ப மாட்டியது யார்? அண்ணனா?

கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். இன்று அண்ணியிடம் கேட்காமலே வந்துவிட்டேன்.

20 செப்டம்பர்

கேட்டேன். பொட்டையும் காட்டினேன். அண்ணி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"அவரு பூ வாங்கப் போயிருந்தாரு. நான்தான் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். ரெண்டுலயும் ஓட்டை ஒரே அளவுதானுங்களே... பெருசு பளபளன்னு முன்னால இருந்தா பூஜைக்கு நல்லா இருக்கும்னு..."

பிறகு, "துடைச்சிருங்க தம்பி" என்றார்.

துணி என் கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை.

27 செப்டம்பர்

தேஹு ரோடு போனேன். ஜெபமணியிடம் சொன்னேன்.

"நான் கை வைக்கலன்னு எனக்கே வந்து சொல்லுதீயளா சார்? எனக்குத் தெரியாதாக்கும்? அந்த லைன்ல இருக்கவனுவகிட்ட சொல்லுங்க. எம் மவள கொலகாரன் மவளுன்னு சொன்னானுவ."

"அண்ணிக்கு இப்போ தெரியும் ஜெபமணி."

"அப்போ அந்தம்மா சொல்லட்டும்."

ஒருவருடைய சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கத் திரும்பினார். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணியிடம் வந்து அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

30 செப்டம்பர், ஆயுத பூஜை

புல்லிகளை மாற்றி மாட்டினேன். நட்டைத் திருப்பியதும் பொட்டு பொடியாக உதிர்ந்தது. அண்ணி பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் கல்லில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்த்து மாட்டினேன். இந்தத் தடவை அண்ணி எதையும் துலக்கவில்லை.

1 அக்டோபர், விஜயதசமி

அண்ணி அக்கம்பக்கத்து ஷெட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். ஜெபமணிக்கும் ஆள் அனுப்பியது எனக்குத் தெரியாது. அவர் ரோட்டின் அந்தப் பக்கமே நின்றார்.

அண்ணி வாசலுக்கு வந்தார். எல்லாருக்கும் புரியட்டும் என்று தன் ஓட்டை இந்தியில் சொன்னார்: "ஜெபமணி நே குச் நஹி கியா. புல்லி மைனே உல்டா லகாயா. மைனே." ஜெபமணி ஒன்றும் செய்யவில்லை, புல்லியைத் தலைகீழாக மாட்டியது நான், நான்தான் என்று.

ஜெபமணியின் காதிலும் விழுந்தது. கேட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்விட்டார். அண்ணி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சுவிட்சை யாரும் போடவில்லை.

5 அக்டோபர், திங்கள்

ஆபீசுக்கு அண்ணியின் போன். காலையில் ஷெட்டைத் திறக்கப் போனால் ஜெபமணி வாசலில் நிற்கிறாராம், பழையபடி வேலைக்கு வந்தவர் போல, டிபன் கேரியரோடு.

"என்ன சொன்னார்?"

"நேரா உள்ள போனாருங்க. மூடியைக் கழட்டிப் புல்லியைப் பார்த்தாரு. இன்னும் பார்த்துட்டேதான் நிக்கறாரு தம்பி."