வார்னிஷ் அடித்த சிறகு

டோர்ட்மண்ட்
9 மார்ச் 2025

தங்கச்சி சிவசக்திக்கு,

ஹனோவருக்கு அங்காலே ஒரு களஞ்சியத்தில் கிடந்த சாமான் முழுவதையும் ஒரே விலைக்கு வாங்கினேன்; பிறீசர்களுக்குப் பின்னால் பாதி விமானம் ஒன்று நின்றது. நடந்தது இவ்வளவுதான். நான் விமானம் விற்கிற ஆள் இல்லை. மரக்கறிக் கடைக்காரன். அந்தக் களஞ்சியத்தை வைத்திருந்து செத்துப்போன கமக்காரரின் பிள்ளைகள் "எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போங்கோ" என்றார்கள், அள்ளினேன்.

நீங்கள் விளம்பரத்தைப் பார்த்து ஃபோனில் கேட்டதற்கு எழுத்தில் பதில் தருகிறேன், கோவிக்காதையுங்கோ. ஃபோனில் கதைத்தால் ஒன்றில் நான் இரக்கப்பட்டு விலையை விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திப்போடுவேன். முப்பது வருசமாய்ப் பெரிய வியாபாரம் எல்லாம் எனக்குக் கடிதத்தில்தான்.

சாமான் இதுதான்: முழு நீளத்துக்கு ஒரே துண்டாய் ஒரு மரச்சிறகு, எட்டு மீற்றர் வரும். மேலே மூடாமல் எலும்புக்கூடு மாதிரிக் கிடக்கிறது. அதோடு தனியாய்க் கொஞ்ச விலாச்சட்டங்கள். உடம்பு இல்லை, எஞ்சின் இல்லை. என்ன விலை தருவீர்கள் என்று நீங்களே முதலில் எழுதுங்கோ.

இப்படிக்கு,
நித்தியானந்தன்


நொய்கெல்ன், பேர்லின்
14 மார்ச் 2025

அன்புள்ள நித்தியானந்தன் அண்ணைக்கு,

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் தச்சு வேலை செய்கிறேன். ஐந்து குளிர்காலமாய் எங்கள் கட்டடத்து நிலவறையில் ஒருவர் இருந்து பறக்கிற மரவிமானம் ஒன்று கட்டுகிறேன். உடம்பும் வாலும் முடிந்துவிட்டன. ஆனால் இந்த வரைபடத்தில் சிறகு ஒரே துண்டு. என் நிலவறை ஐந்து மீற்றர். சொந்தமாய் விமானம் கட்டுகிற எங்கள் சங்கத்துக்கு ஹனோவர் பக்கம் ஒரு சின்ன விமானத்திடலில் கொட்டகை இருக்கிறது. செய்த சிறகைக் கொண்டுபோனால் மாட்டிவைக்கச் சுவரில் இடம் தருவார்கள், ஆனால் புதிதாய்ச் செய்கிறதென்றால் மாதக்கணக்கில் அங்கே உள்ள நீள வேலைமேசையைப் பிடிக்கவேண்டும், அதற்கு இரண்டு பேர் எனக்கு முன்னால் காத்திருக்கிறார்கள்.

உங்கள் விளம்பரப் படத்தை நான் பெரிசாக்கிப் பார்த்தேன். விலாக்களின் வளைவைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதே வரைபடம், அண்ணை. என் விமானத்தின் சிறகு அது. அன்று இரவு சந்தோசத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு யூரோ இருக்கிறது. அதுக்கு மேலே இல்லை. தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுக்காதையுங்கோ.

அன்புடன்,
சிவசக்தி


டோர்ட்மண்ட்
20 மார்ச் 2025

தங்கச்சி சிவசக்திக்கு,

உங்கள் கடிதத்தை என் மனுசி பாலாம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தப் பிள்ளைக்கு வியாபாரம் சொல்லிக் குடுக்க ஆருமில்லையோ?" என்று கேட்டா. சாமானில் ஆசை என்று எழுதுகிறது ஒரு பிழை. கையில் உள்ள காசை எழுதுகிறது அடுத்தது. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதுகிறது எல்லாத்தையும் விடப் பெரிய பிழை. இனி நான் எப்படி உங்களோடு பேரம் பேசுகிறது, சொல்லுங்கோ?

நீங்கள் ஒளிக்காமல் எழுதினதால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கலியாண மண்டபம் வைத்திருக்கிற சிவராம் அதே விளம்பரத்தைப் பார்த்துப்போட்டுக் கடைக்கு வந்தான். அதற்கு ஒரு பொய் உடம்பு செய்து, கூரையில் சங்கிலி போட்டுத் தொங்கவிடப் போகிறானாம். பிள்ளை பெரிசானதுக்குச் செய்கிற சாமத்திய வீடுகளில் பிள்ளையை இப்ப பல்லக்கில், குதிரை வண்டிலில் கொண்டு வருகிறார்கள்தானே. "நான் ஆகாயத்திலயிருந்து இறக்கிறன் அண்ணை, ஒரு வருசத்துக்கு மண்டபம் புக்கிங்" என்கிறான். நாலாயிரம் தருவதாய்ச் சொன்னான்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏப்ரல் 5, சனிக்கிழமை களஞ்சியத்துக்கு வாங்கோ. நேரில் பார்த்தால் நீங்களும் கொஞ்சம் ஏறுவீர்கள் என்று நினைக்கிறேன். சிறகை வடிவாக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நித்தியானந்தன்


டோர்ட்மண்ட்
8 ஏப்ரல் 2025

தங்கச்சி சிவசக்திக்கு,

நீங்கள் வந்தீர்கள். சிறகில் விரலை வைத்தீர்கள். கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தீர்கள். "நான் வாறன் அண்ணை" என்று சொல்லிப்போட்டு, பாலாம்பிகை போத்தலில் கட்டித் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

நான் இரண்டு நாள் முழங்காலில் நின்று அந்தச் சிறகுக்கு வார்னிஷ் அடித்தேன். நல்ல வார்னிஷ், படகுக்கு அடிக்கிறது. ஒரு மூலை விடவில்லை, தனியாய்க் கிடந்த விலாக்களையும் விடவில்லை. பழைய மேசை கதிரை வாங்கி விற்ற காலத்தில் இப்படித்தான் செய்வேன், விலை இரண்டு மடங்கு போகும். சிவராமுக்குப் படம் அனுப்பினேன். ஐயாயிரம் என்கிறான். உங்களுக்கு மட்டும் ஏன் முகம் சுருங்கினது? விலையைக் கூட்டத்தான் செய்தேன் என்று கோவமென்றால் அதைச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்.

நித்தியானந்தன்


நொய்கெல்ன், பேர்லின்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

தேத்தண்ணி குடிக்காமல் வந்ததற்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

விலைக்காக இல்லை. இந்தச் சிறகில் ஆணி இல்லை, அண்ணை. எல்லாம் பசைதான் பிடிக்கிறது. விலாக்களுக்கு மேலே மெல்லிய பிளைவுட்டைப் பசை போட்டு மூடவேண்டும். அந்த மூடல்தான் சிறகு முறுகாமல் காக்கிறது. பசை மரத்துக்குள்ளே இறங்கினால்தான் பிடிக்கும். வார்னிஷுக்கு மேலே போட்டால் வார்னிஷைத்தான் பிடிக்கும், மரத்தை இல்லை. கட்டும்போது தெரியாது, வடிவாய் இருக்கும். மேலே போன பிறகு ஒருநாள் தோல் உரிகிற மாதிரிக் கழன்று வரும்.

நாங்களும் உள்ளே வார்னிஷ் அடிப்போம். ஆனால் பசை பிடிக்கவேண்டிய இடமெல்லாம் டேப் ஒட்டி மறைத்துப்போட்டுத்தான். நீங்கள் ஒரு மூலை விடவில்லை.

இதை நான் சங்கத்தில் சொன்னேன். லூர்ஸ் என்று ஒருவர், தபால் வான் வண்டி ஓடினவர், இதுவரை மூன்று விமானம் கட்டியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "களஞ்சியச் சாவி ஆரிட்டை?" ஏப்ரல் கடைசிச் சனி ஞாயிறு அவர்கள் வந்து வார்னிஷைச் சுரண்டிப் பார்க்க விருப்பம். காசு வேண்டாம். நீங்கள் எனக்கு விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, நல்ல சிறகை அப்படியே விட ஏலாது என்கிறார்கள். தனி விலாக்கள் இரண்டை மட்டும் சோதனைக்கு உடைக்க விடுவீர்களோ?

எனக்குக் கொடுக்கவேண்டும் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். உங்களுக்கு ஐயாயிரம் வருகிறது. அதுவும் எனக்கு விளங்குது.

அன்புடன்,
சிவசக்தி


டோர்ட்மண்ட்
29 ஏப்ரல் 2025

தங்கச்சி,

சாவியோடு நானே வந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்பவில்லை. சும்மா வந்து ஆராவது வேலை செய்வினமோ? வான் வண்டியில் என்னத்தை ஏத்தப் போகினமோ என்று பார்க்கத்தான் வந்தேன்.

என்ன மாதிரி ஆக்கள் இவர்கள். பல் வைத்தியர் ஒரு பக்கம், மாடு வளர்க்கிற மனுசி ஒரு பக்கம், அவரவர் வீட்டிலிருந்து சுரண்டுகிற தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் மின்சாரத்தில் ஓடுகிற உரஞ்சுகிற மெசினைக் கொண்டுபோனேன், உதவியாய் இருக்கட்டும் என்று. லூர்ஸ் அதை என் கையிலிருந்து வாங்கி வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அது கெதியாய் முடிக்கும்," என்றேன்.

"ஓம், மரத்தையும் சேர்த்து முடிக்கும்," என்றார்.

தகட்டைப் பிடிக்கிற விதம் காட்டினார். மெல்லிசாய், சுருள் சுருளாய் வரவேண்டும். ஒரு விலா முடிய, டோர்ச்சைச் சரிவாய்ப் பிடித்துப் பார்ப்பார். எங்கேயாவது மினுங்கினால் திரும்பவும். என் விலாவில் மூன்று முறை மினுங்கினது. "ஆர் இவ்வளவு நல்லாய் அடிச்சது?" என்று அந்த மாட்டுக்கார மனுசி கேட்டா. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள், நான் கவனித்தேன்.

பிறகு உடைக்கிற விசயம். உரித்த விலாவில் பிளைவுட் துண்டைப் பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு நீங்களே உடைத்துப் பார்ப்பீர்கள் என்றும், மரம் கிழிந்தால் பாஸ், ஒட்டு மட்டும் கழன்றால் பெயில் என்றும் விளங்கப்படுத்தினார்கள். என் கடையில் சனம் வெண்டிக்காய் நுனியை முறித்து முற்றல் பார்க்கும், நான் ஏசுவேன். இங்கே என்னவென்றால் செய்கிற ஆளே தான் செய்ததை முறித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் ஒரு துண்டு ஒட்டி வைத்து, பிறகு உடைப்பீர்களாமே. விற்கிறதுக்கு முன்னாலே தன் சாமானைத் தானே இப்படிச் சந்தேகப்படுகிற ஒரு வியாபாரியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. நானும் அப்படி இருந்ததில்லை.

மத்தியானம் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டார்கள். பாலாம்பிகை கட்டின கொத்துரொட்டியைப் பல் வைத்தியர் கண்ணீர் வழிய வழிய இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். பின்னேரம் போகும்போது களஞ்சியத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். என் பொறுப்பில் இருக்கிற களஞ்சியம், தங்கச்சி. அவர்களுக்கு அதில் ஒரு தும்பும் சொந்தமில்லை.

உடைத்துப் பார்த்தது என்ன முடிவு என்று உடனே எழுதுங்கோ. ஃபோனிலும் சொல்லலாம். இந்த ஒருமுறை பரவாயில்லை.

நித்தியானந்தன்


நொய்கெல்ன், பேர்லின்
4 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஃபோன் எடுக்க நினைத்தேன், பிறகு உங்கள் வழக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஒட்டின துண்டுகளைச் சூடான அறையில் காயவிட்டு, நேற்றுச் சங்கத்தில் உடைத்தோம். ஒன்றைத் தவிர எல்லாத்திலும் மரம் கிழிந்தது. நார் நாராய், பசை இருந்த இடமே தெரியாமல். அந்த ஒன்று கழன்று வந்தது, கண்ணாடி மாதிரி. யாருடைய கை என்று லூர்ஸ் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அது என் கை என்று எனக்குத் தெரியும். அந்த மூலையை நான்தான் சுரண்டினேன், கதைத்துக்கொண்டு சுரண்டினேன்.

அதனால் அடுத்த சனி சிறகு முழுவதையும் திரும்ப ஒருமுறை டோர்ச் பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு விலாவின் பின்நுனியில் வார்னிஷ் ஒரு வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறது, அதை வெட்டிப்போட்டுப் புதிது செய்யவேண்டும். அதுக்குப் பிறகு ப்ரூஃபர், விமானங்களைச் சோதித்துக் கையெழுத்து வைக்கிறவர், மூடுகிறதுக்கு முன்னால் உள்ளே பார்க்கவேண்டும். ஓகஸ்டில் வர நாள் குறித்து டெர்மின் தந்திருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொன்னால் சிறகு எரிக்கத்தான். லூர்ஸ் "சொல்லமாட்டார்" என்கிறார், ஆனால் அவர் எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவார்.

இதை ஏன் முழுக்க எழுதுகிறேன் என்றால், நீங்கள் விற்கிற ஆள். சாமானின் குறை உங்களுக்குத் தெரியவேண்டும். தொங்கவிடுகிறதுக்கு இந்தக் குறை ஒன்றுமில்லை. சிவராம் அண்ணைக்குக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு தலையிடியும் இல்லை.

என் காசு அதே இரண்டாயிரத்து ஐந்நூறுதான். ஐப்பசி வரையும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் இன்னும் ஒரு ஐந்நூறு வரும்.

அன்புடன்,
சிவசக்தி


டோர்ட்மண்ட்
9 மே 2025

தங்கச்சி சிவசக்திக்கு,

இதுவரைக்கும் என்னிடம் சாமான் வாங்க வந்த ஒருத்தரும் குறையைத் தன் தலையில் போட்டு எழுதினதில்லை. அந்த மூலை என் வார்னிஷ். உங்கள் கை இரண்டாவது.

நேற்றுச் சிவராமுக்கு ஏலாது என்று சொன்னேன். "அண்ணை, ஐயாயிரத்தை விட்டுப்போட்டு ஆருக்குக் குடுக்கிறியள்?" என்று கேட்டான். "பறக்கிற ஆளுக்கு," என்றேன். கோவித்துக்கொண்டு போனான். ஒரு மாதம் என்னிடம் வாழையிலை வாங்கமாட்டான். பிறகு வருவான், டோர்ட்மண்டில் வேறு ஆரிட்டை கிழியாத இலை இருக்கு?

இரக்கப்பட்டுத் தருகிறேன் என்று நினைக்காதையுங்கோ. பிறீசர்களை விற்றதிலேயே களஞ்சியச் சாமானுக்குக் குடுத்த காசு வந்துவிட்டது, இதில் வருவது லாபம்தான். நான் யோசித்தது வேறு. கூரையில் தொங்கினால் அந்தச் சிறகு நல்லதோ கெட்டதோ என்று ஒருநாளும் ஒருத்தருக்கும் தெரியவராது. அத்தனை பேர் முழங்காலில் நின்று சுரண்டினதுக்குப் பிறகு அப்படி விற்க எனக்கு மனம் வரவில்லை. பாலாம்பிகையும் அதையேதான் சொன்னா, ஆனால் நான் முதலில் சொன்னேன்.

ஜூன் முடிவில் களஞ்சியச் சாவியைக் கமக்காரரின் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுக்கு முன்னால் லூர்ஸின் வானை ஒழுங்குபண்ணுங்கோ. எட்டு மீற்றருக்கு அது காணாது என்றால் என் மரக்கறி லொறி வரும், டீசல் என்னுடையது. நிபந்தனைகள் கீழே. சம்மதம் என்றால் கையெழுத்து வைத்து ஒரு பிரதி அனுப்புங்கோ.

விலை மூவாயிரம் யூரோ. சிறகு ஏத்துகிற அன்று ஆயிரம். வெட்டுகிற விலாவுக்குப் புது மரமும் பசையும் என் செலவு. ஓகஸ்டில் ப்ரூஃபர் கையெழுத்து வைத்தால் மிச்சம் இரண்டாயிரம், ஐப்பசி வரை தவணை, வட்டி இல்லை. அவர் கையெழுத்து வைக்காவிட்டால் மிச்சம் ஒரு சதமும் இல்லை, முதல் தந்த ஆயிரமும் ஒரு கிழமைக்குள் உங்களிடம் திரும்பி வரும்.

நித்தியானந்தன்