இலத்தீன் பாட்டுக்குப் பயன்

மடத்து விருந்தினர் விடுதி,
மேற்கு ஜேர்மனி.
9.4.1989

அன்புள்ள சீதேவிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீர் கட்டித்தந்த தட்டைவடை கொழும்பிலேயே முடிந்துவிட்டது, கோபிக்காதையும். நான் இருக்கும் இடத்தைக் கேட்டால்தான் கோபிப்பீர், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதக்காரச் சாமிமாரின், வாசலில் சிலுவை நட்ட மடத்தில் இருக்கிறேன். எங்கள் மகள் பூசணி இருக்கும் விடுதியில் பெண்களைத் தவிர வேறு எவரும் தங்க ஏலாதாம். பிலேந்திரன் இந்த மடத்துக் குசினியில் வேலை செய்கிறான். அவன்தான் அறை எடுத்துத் தந்தான். எந்தப் பெடியனைக் கட்ட வேண்டாமென்று பிள்ளைக்குச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேனோ, அவன் கொண்டுவரும் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறேன். மரக்கறிதான், பயப்படாதையும்.

பிள்ளையோடு கதைத்தேன். அவள் அழவுமில்லை, வாதாடவுமில்லை. “நீங்கள் ரெண்டு பேரும் ஓம் எண்டு சொல்லாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன் அப்பா. ஆனால் வேறை ஒருத்தரையும் கட்டவும் மாட்டன்” என்றாள். உம்முடைய வாய் அப்படியே. ஆடியில் என்னுடைய விசா முடிகிறது. அதற்கு முன்னம் ஒரு முடிவு சொல்லவேண்டும்.

இனி நான் செய்த கூத்தைக் கேளும். பழைய காலத்து மடம், சுவரெல்லாம் கருங்கல். பின்னேரங்களில் சாமிமார் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் நின்று இலத்தீனில் பாடுகிறார்கள். வாத்தியம் ஒன்றும் கிடையாது. சும்மா பார்ப்போமென்று போய், கடைசி மர வாங்கில் பிலேந்திரனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு அடியின் நடுவிலும் அவர்கள் நிறுத்தி ஒரு மூச்சு விடுகிறார்கள். எங்கள் கோயிலில் ஒருவர் புராணம் வாசித்து நிறுத்த, உடனே பொருளை விரித்துப் பயன் சொல்லிப் பழகிய வாய் அல்லவா என்னுடையது? அந்த இடத்தில் என்னையறியாமல் “அதாவது என்னவென்றால்” என்று உரத்துத் தொடங்கிவிட்டேன். குரல் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒரு சாமியாருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

முடிந்ததும் பெரிய சாமியார் நேரே என்னிடம் வந்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பிலேந்திரன் எழுந்து, எங்கள் ஊரில் பயன் சொல்லாவிட்டால் பாட்டுப் பாதிதான் என்று அவர்களுடைய பாஷையில் விளக்கினானாம். அவர் சிரித்து, ஒரு பக்கம் இலத்தீனும் மறுபக்கம் ஜேர்மனும் அச்சடித்த பாட்டுப் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உம்முடைய,
அம்பலவாணர்


வேலணை.
30.4.1989

பூசணியின் அப்பாவுக்கு சீதேவி எழுதுவது,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. முதலில் சிரித்தேன், பிறகுதான் கோபம் வந்தது. பிடிக்கப் போனவர் பிடிபட்டுப்போய் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. இங்கே கோயிலில் உங்களுக்குப் பதிலாக மார்க்கண்டர் பயன் சொல்கிறார். பாதிச் சனம் நித்திரை. நீங்கள் வேதக்காரருக்குப் பயன் சொல்லத் தொடங்கியதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெடியன் நல்லவனாக இருக்கலாம். ஊர்காவற்றுறைச் சவிரிமுத்தரின் மகன் என்றால் குடும்பமும் நல்லதுதான். என்னுடைய கவலை அதல்ல. கட்டுவதற்கு முன்னம் பிள்ளையை வேதத்தில் சேர்த்துத் தண்ணி வார்த்துப் பேரை மாற்றிப்போடுவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்ந்து பெற்று, அம்மன் பேரையே வைத்த பிள்ளை. அவளை நாளைக்கு மேரி என்றும் மாகிறெற் என்றும் நான் எப்படிக் கூப்பிடுவேன்? நினைத்தால் சோறு இறங்குதில்லை. நீங்கள் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தால் படலை திறக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

காதை மூடிக் கட்டிக்கொண்டு திரியுங்கள். குளிர் உங்களுக்கு ஒத்துவராது.

சீதேவி


மடத்து விடுதி.
21.5.1989

அன்புள்ள சீதேவிக்கு,

படலை திறக்காவிட்டால் வேலியால் வருவேன், எனக்கு வழி தெரியும்.

பின்னேரப் பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் போகிறேன். இப்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறேன். முடிந்தபிறகு வெளியே வாங்கில் இருந்து பிலேந்திரன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் எனக்குப் பயன் சொல்கிறான். முதல் நாட்களில் சொல்லுக்குச் சொல் வைத்துத் தடக்கினான். நான் முகத்தைக் கோணினேன். போன கிழமை கடலில் அகப்பட்டுத் தப்பியவர்களைப் பற்றி ஒரு பாட்டு. அடியைச் சொல்லிவிட்டு, தன் தகப்பன் அனலைதீவிலிருந்து வரும்போது காற்றுக்குள் அகப்பட்டதையும், தாய் துறையில் நின்றதையும், படகு தெரிந்ததும் அவள் கும்பிடாமல் ஏசத் தொடங்கியதையும் சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அந்த ஏச்சும் ஒரு கும்பிடுதான் என்று சொல்லி, விட்ட அடியிலேயே கொண்டுவந்து சேர்த்தான். வெளியே போய்ச் சரியாகப் பாட்டுக்குள் திரும்பி வருவதுதான் பயன் சொல்பவனின் வேலை. மார்க்கண்டருக்கு அது இன்னும் ஏலவில்லை.

உம்முடைய கேள்வியைக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கேட்டேன். அவன் யோசிக்கவில்லை. “மாமி வைச்ச பேர் மாமி வைச்சபடி இருக்கட்டும். தண்ணி வார்க்கிறதும் இல்லை. கலியாணத்தைக் கந்தோரிலை பதிஞ்சால் காணும்” என்றான். அவன் உம்மை மாமி என்று சொன்னதை நான் திருத்தவில்லை.

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, சீதேவி. ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் இன்னும் ஓம் சொல்லவில்லை. உம்மை விட்டுவிட்டுச் சொல்லவும் மாட்டேன். நீர் ஏலாது என்றால் பிள்ளையிடம் அதையே சொல்லிவிட்டுப் புறப்படுவேன்.

உம்முடைய,
அம்பலவாணர்


வேலணை.
14.6.1989

பூசணியின் அப்பாவுக்கு,

பேர் விசயத்தில் பெடியன் சொன்னதை நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெடியங்கள் சொல்வார்கள், வீட்டுக்காரர் விடவேண்டுமே. நேரிலே கேட்டுவிடுவோமென்று ஊர்காவற்றுறை பஸ் ஏறினேன். இடையில் இந்தியன் ஆமி சோதனைக்கென்று இறக்கி நடக்க வைத்தது, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. நல்லாய்ச் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன்.

சவிரிமுத்தர் கதிரையைத் தந்துவிட்டு வெளியே போய்விட்டார், கெட்டிக்காரன். பெடியனின் தாய் ஞானசவுந்தரி தேத்தண்ணி கொண்டுவந்தா. சம்பந்தக் கதை ஒப்பேறாமல் அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது அல்லவா, நான் ஒன்றும் குடிக்கமாட்டேன் என்றேன். அவ கோபிக்கவில்லை. எங்களுடைய பிள்ளைக்கு என்ன கறி பிடிக்கும், குளிரில் இருமுகிறாளா என்று அவதான் கேட்டுக்கொண்டிருந்தா. வாய்க்கு வாய் நாகபூசணி, நாகபூசணி என்று முழுப்பேரையும் சொன்னா. எனக்குப் பொறுக்கவில்லை. நாங்களே பூசணி என்றுதான் கூப்பிடுகிறோம், நீங்கள் ஏன் இப்படி நீட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்கள் பெத்தனீங்கள், சுருக்கலாம். அம்மன்ரை பேரை நான் எப்பிடி அக்கா பாதியிலை விடுறது?” என்றா.

அதற்குப் பிறகு எனக்குச் சண்டை வரவில்லை. கண்தான் கலங்கியது. அவவும் அழுதா, பிறகு இரண்டு பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்தோம்.

நான் வருவேன் என்று ஊருக்குள் ஆரோ சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏற்றவில்லை. புதுச் சட்டியில் கத்தரிக்காயும் பருப்பும் காய்ச்சியிருந்தது. இலை போட்டார்கள்.

நான் கை நனைத்துவிட்டுத்தான் வந்தேன். பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

சீதேவி